ஆவணியில் சிவந்த மேப்பிள்

கன்றை நட்ட அன்று, பியர்பொன்ட்ஸ் என்ற ஊரில் எங்கள் வீட்டுப் பின்வளவில் அண்ணையும் அண்ணியும் நானும் நின்றோம். அம்மா இல்லை. அவருடைய விசா இழுபட்டுக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கைபேசித் திரையில் எட்டிப் பார்த்தார்.

"ஒக்ரோபரிலை வருவியள்தானே அம்மா, அப்ப இது சிவந்து நிக்கும்" என்றார் அண்ணை. பதினேழு வயதில் ஊரைவிட்டுப் புறப்பட்டவர், அதன்பின் அம்மாவை நேரில் காணாதவர். தன் வளவில் தான் நட்ட ஒன்றை அவருக்குக் காட்டவேண்டும் என்ற ஆசை அவரை விடவில்லை.

அது சுகர் மேப்பிள். இந்த நாட்டுத் தேசியக் கொடியில் இருக்கிற இலை, இனிப்புப் பாணி வடிக்கிற மரம். சரிவான நிலமும், உக்கிய சருகும், நீர் வடிந்தோடும் மண்ணும் அதற்கு வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கினால் தாங்காது. எங்கள் வளவோ ஆற்றுக்குக் கிட்டே, களிமண். அண்ணைக்குத் தெரிந்தது ஊரில் எங்கள் மிளகாய்த் தோட்டத்துச் செம்மண்தான். எவ்வளவு இறைத்தாலும் குடித்துவிடும். டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றாமலே கன்றைச் சுற்றிக் கட்டிய பாத்தியை நிரப்புவார்.

"காணும் அண்ணை, வேர் மூச்சு விடாது" என்றேன்.

"சென்ட்-ஆன் கம்பசுக்கு ரண்டு பஸ் மாறிப் போய்ப் படிச்சது, தண்ணி விடாதை எண்டு சொல்லத்தானோ?"

அண்ணி சிரித்தார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசல் மிதித்த முதல் ஆள் நான், மிதிக்கவைத்தவர் அண்ணை.

ஆவணியில் ஒரு கிளை சிவந்தது. அண்ணை துள்ளிக்கொண்டு அம்மாவுக்கு அழைத்தார். "என்னடா, அவசரப்பட்டிட்டுது போலை" என்றார் அம்மா. கோடையில் வரும் சிவப்பு, மரம் படும் பாட்டின் அடையாளம் என்று அன்று மாலை சொல்லிவிட்டேன். அண்ணை மண்வெட்டியை எடுத்தார். குழியில் தண்ணீர் நின்றது. வேர் அழுகி மணத்தது. கவிழ்த்த வாளியில் இருந்துகொண்டு, "அம்மாவுக்கு என்னத்தையடா காட்டுறது?" என்று கேட்டார்.

இன்று அந்த இடத்தில் ஆற்றங்கரை ஈரத்துக்குப் பழகிய வெள்ளி மேப்பிள் நிற்கிறது. இலையின் அடிப்பக்கம் காற்றில் வெளுத்துத் தெரியும். இலையுதிர் காலத்தில் சிவக்காது, வெளிறிய மஞ்சளாகும்.

அந்த ஒக்ரோபரில் அம்மா வந்தபோது, புதிதாக நட்ட அந்தக் கன்று மொட்டைத் தடியாக நின்றது. அண்ணை அவரை என் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்துக் காட்டுக்குக் கூட்டிப்போனார். மேட்டுச் சரிவு முழுக்கச் சுகர் மேப்பிள், செம்மஞ்சளும் சிவப்புமாக. அம்மா அண்ணையின் கையைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார்.

"உதுகளுக்கு ஆர் தம்பி தண்ணி விடுறது?"

"ஒருத்தரும் இல்லை அம்மா" என்றார் அண்ணை.

அம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வீட்டிலை நிக்கிற கன்றுக்கு எவ்வளவு முடிஞ்சுது?" என்றார்.

"நாப்பது டொலர்."

உண்மையில் கன்று, மண், உரம் எல்லாமாக முந்நூற்றெண்பது.