பிரிக்பீல்ட்ஸ் கச்சேரிக்கு இருவர், ஒரு வயலின்

கிள்ளானில் நல்ல சங்கீதம் கேட்க இரண்டு வழிகள்தான். கிராமபோன் தட்டு, இல்லாவிட்டால் கோலாலம்பூர் ரயில். சென்ற மாதம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பாகவதர் ஒருவர் கப்பலேறி வந்திருக்கிறார் என்று நோட்டீஸ் வந்தது. பிரிக்பீல்ட்ஸில் சனியும் ஞாயிறும் கச்சேரி. பிறகு ஈப்போ, தைப்பிங், பினாங்கு. பள்ளி விடுமுறை. ரப்பர் விலை சற்று ஏறியிருந்ததால் ஊரில் எல்லார் முகத்திலும் கொஞ்சம் ரத்தம் இருந்தது. புறப்பட்டோம்.

நானும் நடேசனும். இருவரும் கிள்ளானில் ஒரே பள்ளியில் ஆசிரியர்கள். சிங்கப்பூர்க் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள். வயலின் கற்றதும் ஒரே வாத்தியாரிடம். அவனுடைய வயலினின் முதுகு பிளந்து ஆறு மாதமாகிறது. சரிசெய்ய இன்னும் அவனுக்கு மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வயலினில்தான் இருவரும் மாறி மாறிச் சாதகம் செய்வோம். வாசிப்பில் யார் மேல் என்று நாங்கள் பேசியதில்லை. நான்தான் என்று நினைத்திருந்தேன். அவனும் அப்படியே நினைக்கிறான் என்றும் நினைத்திருந்தேன்.

சனி மதியம் பன்னிரண்டரை வண்டி. மூன்றாம் வகுப்பு, அறுபது காசு. இருபது மைலுக்குச் சற்று மேல், ஏறத்தாழ ஒரு மணி நேரம். இடப்பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது. பாடாங் ஜாவா, பத்து தீகா, பெட்டாலிங் என்று நிலையங்கள். வழியெல்லாம் ரப்பர் மரங்கள். வரிசை வரிசையாக அவை பின்னால் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண்ணங்களும் வரிசையில் நிற்கும் என்று தோன்றும். நிற்பதில்லை. வயலின் பெட்டி என் மடியில். எடுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. தந்தியை முறுக்கும் பிரடை ஒன்று நழுவிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் பத்து ரோடு என்ற தெருவில் ஒரு சீனர் வாத்தியங்கள் பழுதுபார்க்கிறார். அவரிடம் காட்ட வேண்டும்.

கோலாலம்பூர் நிலையத்தின் வெள்ளைக் கோபுரங்களைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: வெளியே நிற்கும் ரிக்‌ஷாக்காரர்கள் முதலில் இருபது காசு கேட்பார்கள். நடேசன் மலாயில் பேரம் பேசிப் பத்து காசுக்கு முடித்தான். இறங்கும்போது பதினைந்தாகக் கொடுத்தான். அவன் அப்படித்தான். பேரத்திலும் ஜெயிப்பான், நல்ல பெயரும் வாங்குவான்.

பழுதுபார்ப்பவர் பிரடையைக் கழற்றி, தேய்த்து, சுண்ணாம்புப் பொடி தடவிப் பொருத்தினார். அரை மணி நேரம், நாற்பது காசு. இனி இரண்டு வருஷத்துக்கு அசையாது என்று கையைக் காட்டிச் சொன்னார். நடேசன்தான் திருகிப் பார்த்து, சரி என்றான்.

பிரிக்பீல்ட்ஸ், நிலையத்திலிருந்து அரை மைல். நடக்கலாம். செங்கல் சூளைகளால் வந்த பெயர். இப்போது ரயில்வே குடியிருப்புகள். வீடுகளில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள். மாலையில் தெருவில் நடந்தால் ஏதோ ஒரு ஜன்னலுக்குள் யாரோ ஒரு பெண் ஸ்வரம் பழகிக்கொண்டிருப்பாள். சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரி ஐம்பது காசு. பாய் சுத்தம். தலையணை இல்லை.

சனிக்கிழமைக் கச்சேரியில் பாகவதர் வந்தார். மிருதங்கக்காரர் வந்தார். வயலின்காரர் வரவில்லை.

காரணம் பிறகு தெரிந்தது. ஏற்பாடு செய்தவர்கள் பாகவதருக்கு மட்டும் இரண்டாம் வகுப்பு எடுத்திருக்கிறார்கள். பக்கவாத்தியக்காரர்களுக்கு டெக், கப்பலின் திறந்த தளம். மிருதங்கக்காரர் தன் கைக்காசைப் போட்டு இரண்டாம் வகுப்புக்கு மாறிவிட்டார். டெக்கில் யாருக்கோ அம்மை கண்டது. டெக்கில் வந்த அத்தனை பேரையும் துறைமுகத் தடுப்பு முகாமில் நிறுத்திவிட்டார்கள். வயலின்காரர் முள்வேலிக்குள். கூலிக்கு வந்தவர்களுக்கு அவர் வாசித்துக் காட்டுகிறார் என்று கேள்வி. அந்தக் கச்சேரிக்கு டிக்கெட் இல்லை.

வயலின் இல்லாத பாட்டு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. பாகவதர் ஒரு பிடியைப் பாடி நிறுத்துவார். அதை எடுத்துக்கொள்ள யாருமில்லை. அந்த வெற்றிடத்தில் மின்விசிறியின் சத்தம். எனக்குள் ஒவ்வொரு வெற்றிடத்தையும் நான் நிரப்பிக்கொண்டே இருந்தேன்.

முடிவில் சபையின் காரியதரிசி எழுந்தார். ரயில்வேயில் தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்தவர், நடுவயது. நாளைக்கு வயலின் வாசிக்க யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். யாரும் அசையவில்லை. நடேசன் எழுந்தான்.

"என் நண்பன் வாசிப்பான் சார். வயலினோடயே வந்திருக்கான்."

"நீங்களும் வாசிப்பியளோ?"

"நானும் கொஞ்சம்."

கொஞ்சம். அந்தச் சொல்லுக்காக அப்போது அவனை மிகவும் நேசித்தேன்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் காரியதரிசியின் வீடு. பாகவதர் அங்கேதான் தங்கியிருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல், பேசும்போது மட்டும். முதலில் என்னை உட்காரச் சொன்னார். சுருதி கேட்டார். ஒரு சொல்லும் சொல்லாமல் பாட ஆரம்பித்தார்.

சஹானா. இரண்டாவது பிடியிலேயே கண்டுகொண்டேன். இந்த ராகத்தைப் பற்றி நான் படித்திருக்கிறேன். ஆரோகணத்தின் வளைவை, எந்த ஸ்வரத்தில் நிற்கலாம், எதில் நிற்கக் கூடாது என்பதையெல்லாம் பலகையில் எழுதச் சொன்னால் எழுதுவேன். அவர் ரிஷபத்தை நோக்கி இறங்கினார். நான் ரிஷபத்தில் இருந்தேன். அவர் மேலே போகத் திரும்பினார். நான் ஏற்கெனவே மேலே. ஒரு ஸ்வரம் தவறவில்லை. கால் மணி நேரம் வாசித்தேன்.

பாகவதர் வெற்றிலையை எடுத்தார்.

"தப்பே இல்லே, தம்பி. ஆனா நான் போற எடத்துக்கு நீ முன்னாடியே போய் நிக்கறே. வான்னு எவ்வளவு நேரம் கூப்பிடறது?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. நானும் சிரித்தேன்.

பிறகு நடேசன். என் வயலின் அவன் கைக்குப் போனது. அதே சஹானா. அவன் அரை மூச்சு தாமதித்தான். எப்போதும் அப்படித்தான் தாமதிப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நான் தயக்கம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பாகவதர் விட்ட இடத்தில் அந்த அரை மூச்சுக்குப் பிறகு அவன் வில் இறங்கியது. குறைவாக வாசித்தான். சில பிடிகளுக்கு ஒற்றை ஸ்வரம் மட்டும் கொடுத்தான். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பாகவதர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அவனுக்காகப் பாடவில்லை, தனக்காகவே பாடிக்கொண்டு போனார்.

பொறாமை என்ற சொல்லை இங்கேயே எழுதிவிடுகிறேன். சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

கச்சேரி மாலை நான்கு மணிக்கு. வெளியூர்க்காரர்கள் எட்டேகால் கடைசி வண்டியைப் பிடிக்க வசதியாக ஞாயிறன்று முன்னதாகத் தொடங்குகிறார்கள். டிக்கெட் ஐம்பது காசு, முன்வரிசை ஒரு வெள்ளி. எனக்கு முன்வரிசை இலவசமாகக் கிடைத்தது. வயலினுக்குச் சொந்தக்காரன் அல்லவா.

என் வயலினின் தலை அவன் கணுக்காலில் அமர்ந்திருந்தது. என் தோள் வியர்வையால் மங்கிய இடத்தில் அவன் மார்பு. நான்கு வருஷமாக அந்த வாத்தியத்திலிருந்து நான் கேட்டிராத ஒரு நாதம் வந்துகொண்டிருந்தது. மழை பெய்து கூரைத் தகரத்தில் அடித்தது. அதையும் மீறிக் கேட்டது. முதலில் ஹாலின் அமைப்பு என்று நினைத்தேன். பிறகு புதிதாகத் தேய்த்த பிரடை என்று. மூன்றாவது காரணம் தேடுவதற்குள் காம்போதி வந்துவிட்டது.

பக்கத்தில் கிள்ளான் மளிகைக்கடைக்காரர் ஒருவர், தெரிந்தவர். என் பக்கம் சாய்ந்தார்.

"அது உங்க வயலினா வாத்தியாரே? நல்ல வயலின்லா."

"ஆமாம்."

"அப்ப உங்களுக்கும் ஒரு மாலை போடச் சொல்லணும்."

வேடிக்கைக்குச் சொன்னார். போடுவார்கள் என்று ஒரு கணம் நானும் எதிர்பார்த்தேன் என்பது வேடிக்கையில் சேராது.

தாளம் போட்டுக்கொண்டு நடேசனின் கண்ணுக்கு நேராகவே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சாதகம் செய்யும்போது சந்தேகம் வந்தால் என் கையைப் பார்ப்பான். இரண்டரை மணி நேரத்தில் ஒருமுறையும் பார்க்கவில்லை. மறந்துபோனான் என்று சொல்ல முடியாது. தேவைப்படவில்லை.

மாலைகள், சால்வை, பேச்சுகள். நடேசனுக்குப் போட்ட மாலை பெரியது. அவன் காது மறைந்துவிட்டது. எல்லாரும் காரியதரிசி வீட்டுக்குப் போனோம். பாகவதர் காலை நீட்டிக்கொண்டு, முகாமிலிருந்து தன் ஆள் வரும் வரை நடேசன் கூடவே வரட்டும் என்றார். மறுநாள் காலை எட்டு மணி வண்டியில் ஈப்போ. இரண்டு வாரம். நடேசன் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துவந்தான். அவன் முகம் அப்போதுதான் குளித்தவன் முகம்போல இருந்தது.

"ரெண்டு வாரம் வயலினைக் குடுடா. பினாங்குலேர்ந்து நேரா உன் வீட்டுக்குத்தான் வருவேன்."

வேறு எதையும் அவன் என்னிடம் கேட்டு நான் இல்லையென்றதில்லை. சட்டை, கடிகாரம், ஒரு முறை ஒரு மாதச் சம்பளம்.

"பிரடை சரியா நிக்கலேடா. போற வழியிலே உனக்குத்தான் தொல்லை."

நேற்று அதைத் திருகிப் பார்த்தவன் அவன். இரண்டரை மணி நேரம் அதில் வாசித்துவிட்டு இப்போதுதான் எழுந்து வருகிறான். என்னைப் பார்த்தான். கோபமில்லை. பாகவதரின் குரலுக்குக் காத்த அதே அரை மூச்சு காத்தான்.

"சரி," என்றான்.

அவ்வளவுதான். இனி அவன் ஈப்போ போக முடியாது என்று நினைத்தேன். நினைத்தபோது இருந்த ஆறுதலை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. நான் ஒரு கதவை மூடிவிட்டேன். மெதுவாக, ஓசைப்படாமல்.

நாங்கள் உள்ளே வந்ததும், வயலின் இல்லை என்றான் நடேசன். என் பெயரைச் சொல்லவில்லை. காரியதரிசி நிமிர்ந்து பார்த்தார்.

"வயலினோ? இந்தத் தெருவில வயலினுக்குப் பஞ்சமோ, தம்பி?"

கால் மணி நேரம். பாயின் மேல் மூன்று வயலின்கள். எதிர்வீட்டிலிருந்து ஒன்று, முனை வீட்டிலிருந்து ஒன்று, இந்த வீட்டிலிருந்தே ஒன்று. எல்லாம் பெண்பிள்ளைகளுடையவை. தெருவில் ஜன்னலுக்கு ஜன்னல் கேட்ட ஸ்வரங்கள் இவற்றிலிருந்துதான் வந்திருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் வயலின் இல்லாத வீடு குறைவு. மேடையேற விடப்பட்ட கை மட்டும் ஒரு வீட்டிலும் இல்லை. சனிக்கிழமை காரியதரிசி வாசிக்க யாருமுண்டா என்று கேட்டபோது இடப்பக்கம் பெண்கள் வரிசையில் எத்தனை பேர் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்களோ.

நடேசன் அந்த வீட்டு வயலினையே எடுத்துக்கொண்டான். காரியதரிசியின் மகளுக்குப் பதினெட்டு வயதிருக்கும். அவளே சுருதி சேர்த்தாள். யாரும் கேட்காமலேயே சஹானாவில் ஒரு பிடி வாசித்து நிறுத்தினாள். காலையில் கதவுக்குப் பின்னால் எங்கள் இருவரையும் கேட்டிருக்க வேண்டும். பெட்டியை மூடி நடேசனிடம் கொடுத்தாள்.

"எங்கட வயலின் ஈப்போ பாக்கப் போகுது," என்றாள் தாயிடம். "நான் இன்னும் பாக்கேல்லை."

தாய் காப்பி ஊற்றப் போய்விட்டாள். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை, நடேசனையும் பார்க்கவில்லை. அவள் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையை நான் அன்று முழுவதும் என் முகத்தில் சுமந்திருந்தேன். ஆனால் அவளிடம் அது வேறாக இருந்தது. அவள் கொடுத்துவிட்டுப் பார்த்தாள்.

அடுத்த முறை போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். தங்க இடம் சனி மதியத்துக்குள் பிடித்துவிடுங்கள். மாலையில் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து நிரம்பிவிடுகிறது. சாப்பாடு இருபது காசு, ரசம் இரண்டாம் முறை கேட்டால் கிடைக்கும். குடை அவசியம், நான்கு மணி மழை தவறாது. முன்வரிசைக்கு ஒரு வெள்ளி வீண். நான்காவது வரிசையில் மிருதங்கம் அடங்கிப் பாட்டு தெளிவாகக் கேட்கும், பாடுகிறவர் முகமும் சரியாகத் தெரியும். பக்கவாத்தியக்காரர் தெரிந்தவராக இருந்தால் இன்னும் பின்னால் உட்காருங்கள். எட்டேகால் வண்டியில் விளக்கு மங்கல். படிக்க முடியாது. தனியாக வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம் நீளமாக இருக்கும்.

கிள்ளானில் இறங்கியபோது டிக்கெட் வாங்குகிறவர் பெட்டியைப் பார்த்தார். தமிழர், எனக்கு முன் இறங்கிப் போனவர்களிடம் கச்சேரி விஷயம் கேள்விப்பட்டிருக்கிறார்.

"பிரிக்பீல்ட்ஸ்ல நம்ம ஊர்க்காரர் வாசிச்சாருன்னு சொன்னாங்க. நீங்கதானா சார்?"

மேடையில் வாசித்தது இந்தப் பெட்டிக்குள் இருக்கும் வயலின்தான். ஆமாம் என்றால் முழுப் பொய்யாகாது. ஒரு சொல். ஆளில்லாத பிளாட்பாரம். நாளைக் காலை நடேசன் ஈப்போ வண்டியில் இருப்பான். இரண்டு வாரத்துக்கு இந்த ஊரில் நான் வாசித்தவனாக இருக்கலாம்.

"இல்லே. நடேசன். என்கூடப் படிப்பு சொல்லிக் குடுக்கறவர்."

"எப்படி வாசிச்சார்?"

வண்டி துறைமுகத்துக்குப் புறப்பட்டது. அதன் சத்தம் அடங்கும் வரை அவர் காத்திருந்தார். நான் பதில் சொல்லாமல் போயிருக்கலாம். பெட்டியைக் கீழே வைத்தேன். சஹானாவிலிருந்து ஆரம்பித்து, எந்த இடத்தில் காத்தான், எந்தப் பிடிக்கு ஒற்றை ஸ்வரம் மட்டும் கொடுத்தான் என்று, ஒன்றையும் விடாமல் அவருக்குச் சொன்னேன். விளக்கை அணைக்கும் நேரமாகியும் அவர் அணைக்கவில்லை. நடேசனின் வாசிப்பை அவ்வளவு கவனமாக வேறு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.