காலி என்று சொன்ன சத்தம்

கேஸை மூடிவிட்டேன் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரருக்குப் போதாது. எழுந்து போய் ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான் படுப்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "அப்ப என்மேல நம்பிக்கை இல்லையா?" என்பேன். "உன்மேல இருக்கு, சிலிண்டர்மேல இல்ல" என்பார். சார்ஜாவில் ஒரு ஃப்ளாட்டை மூன்று குடும்பங்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். சமையலறை பொது. மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் அவரை கேஸ் இன்ஸ்பெக்டர் என்றுதான் கிண்டல் செய்வார்கள்.

துபாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நின்ற காலம் அது. பட்டாளத்தில் அவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஊரைத் தாண்டி மணல்காட்டுக்குள் இருந்த ஒரு துப்பாக்கி சுடும் கிளப்பில் வேலை கிடைத்தது. சுட வருகிறவர்களுக்குத் துப்பாக்கி எடுத்துக் கொடுப்பது, திரும்பி வந்ததும் காலியா என்று பார்த்து, துடைத்து, எண்ணெய் போட்டு, அலமாரியில் பூட்டுவது, அவ்வளவுதான் டூட்டி. அதே பட்டாளத்தில் இவருக்குக் கீழே சிப்பாயாக இருந்தவன் ஒருத்தன் கூட வேலை செய்தான். திருவண்ணாமலைப் பக்கம். சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் படுக்கை. இவரை அண்ணே என்பான், என்னை அண்ணி என்பான். நான் அவனைத் தம்பி என்று கூப்பிடுவேன். லீவு கிடைத்தால் நேரே எங்கள் ரூமுக்குத்தான் வருவான், கையில் ஒரு கட்டு கீரையோடு. "கேம்ப் சாம்பாரைக் குடிச்சு நாக்கு செத்துப்போச்சு அண்ணி" என்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தால், வைத்த குழம்பு தீர்ந்துதான் எழுந்திருப்பான். இத்தனைக்கும் வாரா வாரம் உப்பு குறைச்சல் என்று குறை வேறு சொல்வான் படுபாவி.

கிளப் முதலாளி வேட்டைக்கு வெளிநாடு போகிறவர். அவரிடம் பழைய லீவர் துப்பாக்கி ஒன்று இருந்தது. ட்ரிகரைச் சுற்றி இரும்பு வளையம் மாதிரி இருக்குமே, அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளினால் துப்பாக்கியின் வாய் திறக்கும். உள்ளே குண்டு இருந்தால் வெளியே துள்ளி விழும். இந்தச் சங்கதியெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், இரண்டு பேரும் என் வீட்டில் சோறு தின்றுகொண்டே வேறு எதையும் பேசினதில்லை.

அப்புறம் முதலாளி அதே ஜாதியில் புதுசு ஒன்று வாங்கினார். அதில் ஒரு பட்டன். அழுத்தி வைத்தால், ட்ரிகரை இழுத்தாலும் சுடாது. தம்பிக்கு அதன்மேல் ஒரே மோகம். "இனிமே பயமே இல்லண்ணே" என்றான். என் வீட்டுக்காரருக்குப் பிடிக்கவே இல்லை. "பட்டன் இருந்தா எவனும் லீவரைத் திறந்து பாக்க மாட்டான்" என்றார். அவர் வாயில் என்ன சனி உட்கார்ந்திருந்ததோ.

பட்டாளத்தில் ஒரு பழக்கம் உண்டாம். துப்பாக்கியைத் திறந்து, குண்டு இல்லை என்று பார்த்துவிட்டு, ஆளில்லாத பக்கம் காட்டி ட்ரிகரை ஒரு தடவை இழுப்பார்கள். டக் என்று கேட்டால் காலி, வேலை முடிந்தது. வருஷக்கணக்கில் அதையே செய்தவர்களுக்கு அந்தச் சத்தம்தான் சாட்சி. பழைய துப்பாக்கியில் அது பொய் சொல்லாது. குண்டு இருந்தால் வெடிக்கும், இல்லாவிட்டால் டக். புதுசில் பட்டன் போட்டிருந்தால், பின்னால் இருக்கிற சுத்தி விழும், ஆனால் குண்டுவரை போய்ச் சேராது. உள்ளே குண்டு உட்கார்ந்திருக்கும். சத்தம் மட்டும் அதே டக்.

அன்றைக்குச் சுட வந்த விருந்தாளி பட்டனைப் போட்டுவிட்டு, "ஸேஃப், ஸேஃப்" என்று துப்பாக்கியைத் தம்பி கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். தம்பி உள்ளே கொண்டுவந்தான். மணல் பெட்டியைக் காட்டி ட்ரிகரை இழுத்தான். டக். லீவரைத் திறக்கவில்லை. "காலிண்ணே" என்று இவரிடம் நீட்டினான்.

இவர் வாங்கினார். என்மேல் இல்லாத நம்பிக்கை அவன்மேல் இருந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, இவரும் திறந்து பார்க்கவில்லை. மேஜைமேல் வைத்துத் துடைத்தார். பட்டனை விடுவித்து அதன் ஓரத்தைத் துடைத்தார். சுத்தியைப் பின்னால் இழுத்து அதன் அடியில் துடைத்தார். ட்ரிகரை அழுத்திக்கொண்டு அதை மெதுவாகத் திரும்ப இறக்கும்போது எண்ணெய்க் கையில் கட்டை விரல் வழுக்கிவிட்டது. எதிரே தம்பி ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தான்.

ஐயோ, அதற்குமேல் எனக்குச் சொல்ல வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். போலீசில் இவர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "நான் பாக்காம தொடச்சேன்." தம்பி டக் என்று இழுத்ததையோ, காலி என்று சொன்னதையோ மூச்சு விடவில்லை. அறையில் இருந்ததே இரண்டு பேர். ஒருத்தன் பெட்டியில் ஊருக்குப் போய்விட்டான், ஒருத்தர் வாயை மூடிக்கொண்டு ஜெயிலுக்குப் போனார்.

ஜெயிலில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துதான் நடந்ததை என்னிடம் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "இதைச் சொல்லித் தொலைங்களேன்! பாதித் தப்பு அவனுதுதானே!" என்று போனில் கத்தினேன். அழுகை ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"கை மாறினா வாங்குறவன் பாக்கணும்டி. அதான் சட்டம். நான் பாக்கல. செத்துப்போனவன் எழுந்து வந்து பதில் சொல்லுவானா? அவன்மேல போடச் சொல்றியா?"

"அப்ப நான் நாசமாப் போகலாமா?" என்றேன். அவர் போனைக் கொக்கியில் மாட்டிவிட்டு எழுந்தார்.

கொஞ்ச காலம் உள்ளே வைத்திருந்து, பிறகு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். நான் முன்னாலேயே சாமானை மூட்டை கட்டிக்கொண்டு வேலூருக்கு வந்திருந்தேன். வந்த பிறகு அவர் கேஸைத் தொட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டார். அது எனக்கு எவ்வளவு வேதனை என்று யாரிடம் சொல்ல? சண்டை போடுவதற்காகவே, "நான் மூடல, போய்ப் பாருங்க" என்று பொய் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் எழுந்திருக்கவில்லை.

ஒரு நாள் காலை தம்பியின் பெண்சாதி வந்தாள். நான் போட்டோவில் மட்டுமே பார்த்த முகம். சத்தம் போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பயந்தேன். அவள் நாற்காலியில்கூட உட்காரவில்லை, சுவரில் சாய்ந்து நின்றாள். இவர் எழுந்து கைகட்டி நின்றார்.

"கடைசியா ஏதாவது பேசினாரா?" என்று கேட்டாள்.

காலிண்ணே. அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது. எனக்குத் தெரியும், இவருக்குத் தெரியும்.

"டீ ஊத்தட்டுமாண்ணேன்னு கேட்டான்மா" என்றார் இவர்.

அவள் தலையாட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இவரை நேருக்கு நேர் பார்த்தாள். "எங்க வூட்டுக்காரரு ரொம்ப உஷாரான ஆளு. ராத்திரி கதவைத் தாப்பா போட்டுட்டு மறுபடி இழுத்துப் பாப்பாரு. உங்களுக்குப் பதிலா அவரு கையில அந்தத் துப்பாக்கி இருந்திருந்தா, தெறந்து பாத்திருப்பாரு."

எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது. அவன் கையில்தானடி இருந்தது முதலில்! இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்காதவர், அன்றைக்குக் கண்ணால் கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ஆமாம்மா" என்றார் அவளிடம். "அவன் பாத்திருப்பான்."