மீன் தொட்டியில் பசிபிக் கடல்

புயல் வருமா, வராதா என்று ஆறு வயதுக் குழந்தை கேட்டால் தாய் என்ன பதில் சொல்ல வேண்டும்? கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் என் மகள் இதைக் கேட்கிறாள். வராது என்று சொன்னால் பொய்யாகிவிடுமோ என்று பயம். வரலாம் என்று சொன்னால் அவள் சாப்பிட மாட்டாள். இரண்டையும் சொல்லிப் பார்த்துவிட்டேன். இரண்டு முறையும் தூங்காமல் கிடந்தது நான்தான்.

எங்கள் வீட்டில் ஒருத்தி இந்தக் கேள்விக்கு ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறாள். தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. அக்கா ஒன்பதாம் வகுப்பு, நான் மூன்றாவது. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த அப்பா, மலையாளம் பேசும் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். அதனால் வகுப்பில் அக்காவுக்குப் பெயர் 'பொரோட்டா'. நல்ல மார்க் வாங்கினாலும் பொரோட்டாதான். அந்த வருடம் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் சாஸ்திரமேளாவுக்கு டீச்சர் அவளைத் தேர்ந்தெடுத்தார். அறிவியல் மாதிரி செய்துகாட்டும் போட்டி அது. அங்கே சொதப்பினால் அந்தப் பெயர் பத்தாம் வகுப்பு முடியும்வரை போகாது என்று அக்காவுக்குத் தெரியும்.

பத்திரிகைகளில் எல் நினோ என்ற பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம். அக்கா அதையே எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மீன் தொட்டிதான் பசிபிக் கடல். ஒரு முனையில் ஆசியா, மறுமுனையில் அமெரிக்கா என்று அட்டை ஒட்டினாள். தொட்டியில் குளிர்ந்த தண்ணீர். அதன்மேல் மெல்ல ஊற்ற, ஹோட்டலிலிருந்து கேசரிப் பவுடர் கலந்த வெந்நீர். அமெரிக்கப் பக்கத்திலிருந்து வீசும் கடல் காற்றுக்கு எங்கள் வீட்டின் ஒரே மேசை விசிறி. அடுப்பில் வெந்து வரும் அப்பா அதன் முன்னால்தான் தூங்குவார். ஒரு வாரம் அதை அக்காவுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வாசலில் துண்டை வீசிக்கொண்டு கிடந்தார்.

ஆனால் ஹோட்டலில் அவர் சும்மா இருக்கவில்லை. "எம் மவ புயலு வருமா வராதான்னு சொல்லிருவா" என்று எல்லோரிடமும் அளந்துவிட்டார். நானும் அதை அப்படியே நம்பினேன்.

மேளாவன்று அப்பா லீவு போட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு வந்தார். நடுவராக வந்த சார் எங்கள் மேசைக்கு வந்ததும் அக்கா விசிறியைப் போட்டாள். சிவப்புத் தண்ணீர் ஆசியப் பக்கம் போய்ச் சேர்ந்தது. அவள் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பின்னால் யாரோ பொரோட்டா என்று சொல்லிச் சிரித்தார்கள். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

அக்கா நின்றுபோன விசிறியைப் பார்த்தாள். பிறகு தொட்டியைப் பார்த்தாள். குவிந்திருந்த சிவப்பு, மெதுவாக அமெரிக்காவை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. "இதாணு சாரே எல் நினோ" என்றாள்.

பிறகு தயங்கவே இல்லை. காற்று தளரும்போது சூடான தண்ணீர் கிழக்கே பரவுகிறது. சில வருடங்களுக்கு ஒருமுறை இப்படி ஆகும், நாள் குறித்து வராது. அப்போது அட்லாண்டிக் கடலுக்கு மேலே, உயரத்தில் ஓடும் காற்று வலுக்கும். ஊதுபத்தியைக் கொளுத்தி, நேராக எழுந்த புகையின் தலையில் அம்மாவின் பனையோலை விசிறியால் வீசினாள். புகை சிதறியது. வளர வேண்டிய சூறாவளியின் தலை இப்படித்தான் கலைந்துபோகும், அதனால் அங்கே எண்ணிக்கை குறையும் என்றாள். பசிபிக்கில் காற்று பலமாகி, கிழக்கே கடல் குளிர்கிற வருடங்களில் அட்லாண்டிக்கில் எண்ணிக்கை கூடும் என்றும் சொன்னாள்.

சார் தொட்டிக்குள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "அப்போ மோளே, அடுத்த கொல்லம் அவிடே கொடுங்காற்று வருமோ?" அடுத்த வருடம் அங்கே சூறாவளி வருமா என்று.

அப்பா ஓரடி முன்னால் வந்தார். இதற்காகத்தானே வேட்டி கட்டி வந்தது.

"அது பறயான் பற்றில்ல சாரே" என்றாள் அக்கா. சொல்ல முடியாதாம். கூடுமா குறையுமா என்று வேண்டுமானால் சொல்லலாம். குறைவாக வரும் வருடத்திலும் ஒன்று வந்து ஒரு ஊரை அழித்துவிட முடியும். சார் தலையாட்டினார்.

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு செய்துவிட்டு, கேட்ட ஒரே கேள்விக்குத் தெரியாது என்கிறாளே. சாயங்காலம் முதல் பரிசுக்கு அவள் பெயரை வாசித்தபோது, கரண்ட் போன பாவத்துக்குக் கொடுக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

மறுநாள் அப்பா எங்களை ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். புயல் வருமா என்று கேஷியர் அண்ணாச்சி கேட்டார். "சொல்ல முடியாதுன்னுட்டா. அதுக்குத்தான் பரிசு" என்றார் அப்பா.

"தெரியாதுன்னு சொன்னா பரிசா மாஸ்டரே? அப்ப எனக்கு எத்தனை பரிசு தரணும்" என்று அண்ணாச்சி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மாவை அடிக்கும்போது மட்டும் அவர் கை வழக்கத்தைவிட உயரம் போனது. வகுப்பில் அதன்பிறகு அக்காவுக்குப் பெயர் 'எல் நினோ'. அதை அவள் ஒரு பட்டம் போல வைத்துக்கொண்டாள்.

அன்று தோல்வி என்று நினைத்து நான் அழுதேனே, அந்தப் பதிலுக்குத்தான் சார் தலையாட்டினார் என்பது எனக்குப் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. தெரிந்ததையும் தெரியாததையும் அவள் பிரித்துச் சொன்னாள். அதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போது தெரிகிறது, எனக்கு அது இல்லாததால்.

நேற்றும் என் மகள் கேட்டாள். அக்கா சொன்னதையே சொன்னேன். "அப்போ செருப்பை உள்ளே எடுத்து வைக்கட்டுமா வேண்டாமா அம்மா?" என்று திருப்பிக் கேட்டாள். எடுத்து வை என்றேன். அது சரியா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். குழந்தை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்: தெரியாது என்பதை, அவள் பயப்படாமல் தூங்கும்படி எப்படிச் சொல்வது?