சம்பந்தியம்மாவின் காளான் மாத்திரை

மன்னிக்கிற மனசு பெரிய மனசு என்பார்கள். என் அக்காவின் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. அதற்குக் காரணமானவள் பட்டுப்புடவையில் வளைய வந்துகொண்டிருக்க, நான் எதற்குப் பெரிய மனுஷி ஆக வேண்டும்?

அவள் அக்காவின் சம்பந்தி. அக்கா தன் ஒரே மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டு மாமியார். பழவங்காடிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு, வீட்டிலிருந்தபடியே காளான் மாத்திரை வியாபாரம். ரெய்ஷி என்கிற மருந்துக் காளானைப் பொடித்துக் கேப்சூலில் அடைத்தது, சர்க்கரை, மூட்டுவலி, தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்பாள். அக்காவுக்குப் பத்து வருடமாக இன்சுலின் ஊசி. "ரெண்டும் சேரக்கூடாது மைனி, ஊசிய நிறுத்தினாத்தான் இது பிடிக்கும் கேட்டோ" என்றாள். மைனி என்றால் அண்ணி, சம்பந்திகளும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம். பாறசாலையில் தனியாக இருக்கும் அக்கா ஊசியை நிறுத்தினாள். பெண்ணைக் கொடுத்த இடத்தில் முகத்தை முறிக்க முடியாதே என்று நிறுத்தினாள் என்றுதான் நினைத்தேன். நான்கு மாதத்தில் செருப்பு கடித்த ஒரு சின்னப் புண் கறுத்துச் சீழ்பிடித்தது. விரல்களை எடுத்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவள் ஆரஞ்சுப் பழத்தோடு இன்னொரு குப்பியும் கொண்டுவந்தாள். "இன்னும் ரெண்டு மாசம் ஒருநாளும் முடக்காம சாப்பிட்டிருந்தா விரல் போயிருக்காது" என்றாள். நான் சிரித்த முகத்தோடு இரண்டையும் வாங்கி வைத்தேன். இவளைச் சும்மா விடுவதில்லை என்று அந்த நிமிடத்தில் முடிவு செய்தேன்.

நான் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். காளானில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அதன் செல்சுவரில் பீட்டா குளூக்கான் இருக்கிறது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அது தட்டி எழுப்பக்கூடும் என்கிறார்கள். ரெய்ஷியில் டிரைட்டர்பீன் என்று இன்னொரு கூட்டம் உண்டு, அந்தக் காளானின் கசப்பே அதுதான். வேப்பிலை தோற்கும். பெயர்களெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை என் வீட்டுக்கே கூட்டிவந்தேன். ஒருநாள் காலையில் புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது மேசை மேல் அந்தக் குப்பி இருந்தது. ஒரு மாத்திரையைப் பிரித்து, பொடியை நாக்கில் வைத்தேன். கசக்கவே இல்லை. கோலமாவு மாதிரி நாக்கில் ஒட்டியது. புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து கையிலேயே இருந்தது. பொடியை வெந்நீரில் கரைத்து இரண்டு சொட்டு விட்டேன். கருநீலமாக மாறிற்று.

மாவுச்சத்துக்கும் பீட்டா குளூக்கானுக்கும் சர்க்கரைக் கண்ணிகள்தான் அடிப்படை, கோத்த விதம்தான் வேறு. அயோடினுக்கு நீலமாவது மாவுச்சத்து மட்டும். அரிசியில் காளான் இழையை வளர்த்து அரிசியோடு சேர்த்தே அரைத்துவிட்டால் செலவு குறைவு. குப்பியின் மேல் 'பாலிசாக்கரைடு நிறைந்தது' என்று போட்டிருந்தது. அதில் பொய்யே இல்லை, சோற்றின் மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதான். குப்பியை மூடிப் பத்திரப்படுத்தினேன்.

இரண்டு மாதம் காத்திருந்தேன். அக்காவின் பேரனுக்கு முதல் சோறு ஊட்டும் நாள் வந்தது. கோயிலில் சோறூண் முடிந்து, சம்பந்தி வீட்டில் சாப்பாடு. கைகழுவி வந்தவர்களுக்கெல்லாம் அவள் தாம்பூலத்தோடு ஒரு குட்டிக் குப்பியும் கொடுத்தாள். "எங்க மைனியே இதைத்தான் சாப்பிட்டது" என்று அக்காவைக் கைகாட்டினாள். அக்கா தலைகுனிந்து, கால்களைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மைனி, நம்ம சரக்கப் பத்தி நானும் ரெண்டு வார்த்தை சொல்லட்டா?" என்றேன்.

அவளுக்கு வாயெல்லாம் பல். "சொல்லுங்க. இவங்க கெமிஸ்ட்ரி டீச்சராக்கும்!"

நான் டீச்சர் இல்லை. அன்றைக்குத் திருத்தவில்லை. இரண்டு கண்ணாடி டம்ளரில் வெந்நீர் கேட்டேன். ஒன்றில், காளான் வளர்ப்பவர் ஒருவரிடம் வாங்கி இடித்த நிஜ ரெய்ஷிப் பொடியைப் போட்டேன். மற்றதில் அவள் மாத்திரையைப் பிரித்துக் கொட்டினேன். இரண்டிலும் அயோடின் விட்டேன். முதல் டம்ளர் பழுப்பாகவே இருந்தது. இரண்டாவது கறுத்தது. என்ன அர்த்தம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து நிதானமாகச் சொன்னேன். அவள் முகம் சுண்டிப் போனதைக் கண் கொட்டாமல் பார்த்தேன், வயிறு குளிர்ந்தது.

"அய்யோ, அரிசிமாவுதானே? அரிசி தின்னு யாருக்காவது வல்லதும் கேடு வந்திருக்கா?" என்றாள்.

தலைகுனிந்திருந்த அக்கா நிமிர்ந்தாள். "எனக்கு அரிசியக் குறைக்கச் சொல்லித்தான் டாக்டர் சொன்னது மைனி. நீங்க ஊசிக்குப் பதிலா அரிசியத் தந்திருக்கிய."

ஒரு மாமி கையிலிருந்த குப்பியைத் தாம்பாளத்தில் திருப்பி வைத்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். அக்காவின் மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, மாமியாரைத் தாண்டி, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உப்பைத் தின்றவள் தண்ணீர் குடித்தாள்.

கால் ஆறிவிட்டதால் அக்கா அன்றைக்கே ஊருக்குப் போகவேண்டும் என்றாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போகும்போது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மூஞ்சி போன போக்கப் பாத்தியா அக்கா? இனி அந்தத் தெருவுல ஒரு குப்பி விக்க முடியுமா அவளால?"

அக்கா சிரிக்கவில்லை. "ஏட்டி, அவ சொன்னான்னா நான் ஊசிய நிறுத்துனேன்?"

"பின்னே?"

"அவ சொன்ன அன்னைக்கு உனக்குப் போன் பண்ணுனேன். அந்தக் காளான்ல வல்லதும் சத்து உண்டாட்டின்னு கேட்டேன். நீ லேபுல இருந்த. பீட்டாவோ என்னமோ, கால் மணிக்கூறு பேசுன. உண்டு அக்கா, நெறைய உண்டுன்ன. எனக்கு நீ சொன்னா மதி, வேற யாரும் சொல்லவேண்டாம்."

அப்படி ஒரு போன் வந்ததையே நான் மறந்திருந்தேன். இப்போது ஒவ்வொரு சொல்லும் ஞாபகம் வந்தது. ஏன் கேட்கிறாய் என்று நான் கேட்கவே இல்லை. தெரிந்ததைச் சொல்லிக்காட்டுகிற குஷியில் பேசிவிட்டு, வேலை இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

"அவகிட்ட இத நீ ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொன்னா அந்த டம்ளருக்கு முன்னால அவ உன்னயில்லா குத்தவாளியா நிறுத்தியிருப்பா" என்றாள் அக்கா.