உமாமகேஸ்வரி அனுப்பிய எழுத்துரு

சுரக்குடி கைலாசநாதன் மகள் உமாமகேஸ்வரிக்கு எழுத்துகள்மேல் ஒரு கிறுக்கு உண்டு. கடைப் பலகையைப் பார்த்தால் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கமாட்டாள். எழுத்து எப்படி நிற்கிறது என்றுதான் பார்ப்பாள். கல்யாண வீட்டுச் சாம்பாரைப் பற்றி ஊரே பேசிக்கொண்டிருக்கும்போது, பத்திரிகையில் ‘ழ’வின் வால் கீழ்வரியில் போய் இடித்ததைப் பற்றி இவள் பேசுவாள்.

பிளஸ் டூ முடித்ததும் காரைக்காலுக்குப் பஸ் ஏறிப்போய்த் தமிழ்த் தட்டச்சு படித்தாள். அப்பாவுக்கு நடவு நேரத்தில் ஆள் குறைந்ததில் வருத்தம்தான். ஆனாலும் தடுக்கவில்லை. பிறகு கணினி வந்தது. திருநள்ளாற்றில் ஒரு டி.டி.பி. கடையில் வேலைக்குச் சேர்ந்தவள், லாட்ஜில் மேனேஜராக இருந்த சிவக்குமாரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். அவள் கணினியில் இருந்த அளவுக்குத் தமிழ் எழுத்துருக்கள் சுற்றுவட்டாரத்தில் யாரிடமும் கிடையாது. காது குத்தலுக்கு ஒன்று, கண்ணீர் அஞ்சலிக்கு ஒன்று என்று தேடித் தேடிச் சேர்த்திருந்தாள்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுச் சனிப்பெயர்ச்சிக்கு வியாபாரிகள் சேர்ந்து ஒரு தகவல் பந்தல் போட்டார்கள். உமாமகேஸ்வரியின் கணினி பந்தலில் உட்கார்ந்தது. அதிலிருந்து ஒரு கேபிள் கடைக் கூரைகள் மேலேயே ஓடி, எதிர்வரிசை லாட்ஜின் மாடி அறைக்குப் போனது. அங்கே இருந்த இன்னொரு கணினிதான் பேருந்து நிலையத்திலும் நளன் குளத்தங்கரையிலும் வைத்த பெரிய டிவிகளில் கடை விளம்பரங்களை ஓட்டியது. அடியில் ஒரு பட்டையில் தகவல்கள் ஓடும். இதையெல்லாம் அமைத்தவர் நடராசன், கேபிள் டிவிக்காரர்.

பெயர்ச்சி நாள் காலை. தெருவில் தலைகள்தான் தெரிந்தன, தரை தெரியவில்லை. பந்தல் மைக்கில் தர்மலிங்கம் தொண்டை கட்டக் கட்டக் காணாமல் போனவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அப்போது ஈரவேட்டியோடு ஒருவர் பந்தலுக்குள் வந்து விழாத குறையாக நின்றார். கொள்ளிடத்துக்காரர், பெயர் இளையபெருமாள். குளத்துக் கூட்டத்தில் மனைவியைத் தவறவிட்டுவிட்டார்.

“பேரு சொல்லுங்க, கூப்புடுறேன்,” என்றார் தர்மலிங்கம்.

“பங்கஜவல்லி. ஆனா கூப்புட்டா வரமாட்டா. அவளுக்குக் காது கேக்காது. பேச்சும் வராது.” கையிலிருந்த பெண்கள் செருப்பை மாற்றிப் பிடித்தார். “நல்லா படிப்பா. பேப்பரு ஒருவரி விடமாட்டா.”

தர்மலிங்கம் மைக்கை இறக்கினார். உமாமகேஸ்வரி விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். “உக்காருங்கண்ணே. புடவை என்ன நெறம்?”

“நீலம்.”

தட்டி அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் கைபேசி அலறியது. நடராசன். பேருந்து நிலையத்து டிவி ஒன்று கண்ணை மூடிவிட்டதென்று பார்க்கப்போனவர், கூட்டத்தில் அங்கேயே மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்னம்மா அனுப்புனீங்க? கீபோர்டுல பூனை நடந்த மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா ஓடுது!”

அவளுக்கு உடனே விளங்கியது. அதுவரை பட்டையில் ஓடியதெல்லாம் தொலைபேசி எண்களும் ஆங்கில வரவேற்பும்தான். தமிழ் விளம்பரங்கள் படங்களாகவே போயின. மாடிக் கணினியில் அவளுடைய எழுத்துரு கிடையாது. அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. எந்த எழுத்துருவில் தட்டினோமோ அது அந்தக் கணினியிலும் இருந்தால்தான் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் குப்பைதான். குறுந்தகட்டில் போட்டுக் கொடுத்தனுப்பலாம் என்றால், எதிர்வரிசைக்குப் போக நடுவில் மூங்கில் தடுப்பும் மனிதக் கடலும்.

“ஆளு போக முடியாது. கேபிள்லயே அனுப்பிடுறேன்,” என்றாள். “அந்த கம்ப்யூட்டரை இங்கேருந்தே தொறக்குறதுக்கு வழி வச்சிருக்கீங்கள்ல? பாஸ்வேர்டு சொல்லுங்க.”

நடராசன் சொன்னார். பாதியில் இணைப்பு அறுந்தது. அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். நாட்டிலுள்ள கைபேசியெல்லாம் அன்று திருநள்ளாற்றில்தான் இருந்தது போல. ஒருவழியாக மீதியும் கிடைத்தது.

இரண்டு கணினிக்கும் பொதுவாக இருந்த கோப்புறையில் எழுத்துருவைப் போட்டாள். தடித்த எழுத்துக்குத் தனிக் கோப்பு உண்டு, அதையும் மறக்காமல் போட்டாள். பிறகு மாடிக் கணினியின் திரையைத் தன் திரையில் திறந்தாள். இங்கே அவள் சுட்டியை நகர்த்த, அங்கே அம்பு நகர்ந்தது. கண்ட்ரோல் பேனலுக்குள் போய், எழுத்துருப் பெட்டியைத் திறந்து, வந்த கோப்புகளை அதில் நிறுவினாள்.

“அய்யோ, நீங்க செய்றதெல்லாம் டிவியில தெரியுது!” என்றார் நடராசன். “அம்பு தானா நடக்குதுன்னு சனம் வாயப் பொளந்துக்கிட்டு நிக்குது. ஒரு ஆயா கையெடுத்துக் கும்புடுது!”

“கும்புடட்டும். எழுத்து வந்துச்சா?”

“இல்லம்மா. அதே பூனதான்.”

உமாமகேஸ்வரி நகத்தைக் கடித்தாள். எழுத்துரு போய்ச் சேர்ந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த விளம்பர நிரலுக்குத்தான் அது தெரியவில்லை. மூடித் திறந்தால் தெரியும். திறக்காமல் முரண்டு பிடித்தால் எல்லா டிவியும் இருண்டுவிடும். விளம்பரம் கொடுத்தவர்கள் சும்மா விடமாட்டார்கள். பக்கத்தில் இளையபெருமாள் டிவியையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. தன் கையிலிருந்த மனைவியின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூடப்போறேன்,” என்றாள் நடராசனிடம்.

“மூடுங்க. ஏதாவது ஆனா என் தலையில போடுங்க, நான் பாத்துக்குறேன்.”

மூடினாள். திரை கறுத்தது. நிரலை மறுபடி சொடுக்கினாள். அது யோசித்தது. பட்டுப்புடவை விளம்பரம் ஒன்று மெல்ல எழுந்தது. அதன் அடியில் பட்டை ஓட ஆரம்பித்தது.

கைபேசியில் நடராசன் கத்தியது பந்தல் முழுக்கக் கேட்டது. “வந்துருச்சு! தமிழ் வந்துருச்சும்மா!”

‘கொள்ளிடம் பங்கஜவல்லி, நீலப் புடவை. உங்கள் கணவர் மணிக்கூண்டுப் பக்கம் தகவல் பந்தலில் காத்திருக்கிறார்.’

அந்த வரியை விடாமல் ஓடவிட்டாள். குளத்தங்கரையில் அதைப் படித்த பெண்கள் சிலர் ஈரத்தலையோடு தேடத் தொடங்கினார்களாம். ஆனால் பங்கஜவல்லி யார் துணையும் இல்லாமல் தானே படித்துவிட்டு, கூட்டத்தை முழங்கையால் பிளந்துகொண்டு வந்து சேர்ந்தாள். நல்ல உயரம், கறார் முகம். கணவரைப் பார்த்ததும் அழவில்லை. தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவர்தான் அழுதார்.

அழுது முடிந்ததும் அவள் உமாமகேஸ்வரியின் மேசைக்கு வந்து, முந்தானையை அவள் முகத்துக்கு நேரே விரித்து, டிவியைச் சுட்டிக்காட்டிக் கையை ஆட்டினாள். உமாமகேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை.

இளையபெருமாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “நீலம் இல்லையாம். கத்திரிப்பூ கலராம். கட்டுன பொண்டாட்டி புடவை தெரியாதான்னு கேக்குறா.”

தர்மலிங்கம் மைக்கை மூட மறந்து சிரித்தது தெருவெல்லாம் கேட்டது. பங்கஜவல்லி உமாமகேஸ்வரியின் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறித்தாள். விரல்கள் படபடவென்று சொடுக்கின.

அதற்குள் வாசலில் அடுத்தவர்கள் வந்துவிட்டார்கள். மகனைத் தொலைத்த அப்பா, மாமியாரைத் தொலைத்த மருமகள், ஊரோடு வந்த பஸ்ஸையே தொலைத்த பன்னிரண்டு பேர். “டிவியில போடுவீங்களாமே?” என்று எல்லாருக்கும் ஒரே கேள்வி.

“போடுறேன்,” என்றாள் உமாமகேஸ்வரி. “மொதல்ல புடவை நெறத்த சரியா யோசிச்சு சொல்லுங்க.”