பித்தளை மூடி

ராமுத்தாய்க்கு வாய் நீளம் என்று எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் எல்லாம் துரை முன்னால் வந்து நின்றால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்க்கிறவர்கள். அவளுக்கு வாய் நீளம் இல்லை. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு முகத்தில் வேறொன்றைக் காட்டத் தெரியாது, அவ்வளவுதான். அந்தக் குணத்தால் ஒரு மார்கழியில் அவள் குடும்பம் மலையை விட்டே இறங்க இருந்தது.

தேவிகுளத்துக்குக் கிழக்கே இருந்த எஸ்டேட் அது. முப்பத்தெட்டாம் வருஷம். தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தகட்டை மூலைக்கு மூலை பற்றவைப்பது ராமுத்தாயின் வேலை. செம்பு மூக்கு வைத்த சூட்டுக்கோலைக் கரியடுப்பில் காய்ச்சி, தகட்டின் ஓரத்தில் தொட்டதும் எடுத்துவிட வேண்டும். ஒரு மூச்சு கூடுதலாக வைத்தால் தகடே உருகி ஓட்டை விழும். அவள் கையில் தகடு ஓட்டையானதைப் பார்த்தவர்கள் குறைவு.

அவள் புருஷன் நல்லதம்பி தேயிலைச் செடிக்குக் கவாத்து வெட்டுகிறவன். வயசான ஓர் ஆளைக் கங்காணி பிரம்பால் அடித்தான் என்று நல்லதம்பி அவனைப் பிடித்துத் தள்ளிவிட்டான். கங்காணி சாக்கடையில் விழுந்தான். விழுந்தது நியாயம்தான். ஆனால் புதுத் தலைப்பாகையோடு விழுந்ததால் விவகாரம் துரைவரை போனது. சனிக்கிழமைக்குள் நல்லதம்பி மலையிறங்கியாக வேண்டும் என்று உத்தரவு.

அவன் இறங்கினால் அவளும் இறங்கியாக வேண்டும். ராமுத்தாய்க்கு அப்போது ஏழு மாதம். முதல் பிள்ளையையும் வயிற்றில் வைத்துக்கொண்டுதான் அவள் போடிக்கு இறங்கினாள். பிள்ளை பாதி வழியில் பிறந்து, அழாமலே போய்விட்டது. அதைப் பாறை ஓரத்தில் புதைத்துவிட்டு மிச்ச வழியை நடந்தாள். இன்னொரு தரம் வயிற்றோடு அந்தப் பாதையில் கால் வைக்க அவளுக்குப் பயம். சாவைவிட அதற்குத்தான் பயந்தாள். அதை அவள் யாரிடமும் மறைக்கவும் இல்லை.

அந்த வாரம்தான் துரையின் கிட்டாருக்கும் கேடு வந்தது. கரண்டில் பாடுகிற கிட்டார். தந்திகளுக்கு அடியில் ஒரு காந்தம், அதைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பி. தந்தி அதிர்ந்தால் அந்த அதிர்வு கம்பி வழியாக ஒரு பெட்டிக்குப் போகும், பெட்டி முழங்கும். காந்தத்தின் மேல் இருந்த உலோக மூடி, மலையேறும்போது வண்டி குலுங்கி நசுங்கிப் பிய்ந்து போயிருந்தது. மூடி இல்லாவிட்டால் பாட்டோடு கூடவே வண்டு இரைவது போல ஓர் இரைச்சல். இங்கிலீஷ் வருஷப் பிறப்பன்று துரை கிளப்பில் வாசிக்க வேண்டும். பெரிய துரைமார் வருகிறார்கள்.

பாக்டரி மிஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர் மொக்கையன் முதலில் பிஸ்கட் டின்னை வெட்டி மூடி செய்தான். எங்கள் மலையில் விளக்கு முதல் வாளிவரை எல்லாம் டின்தான், அவனுக்கு வேறு யோசனை எப்படி வரும்? காந்தம் அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. பாட்டு கிணற்றுக்குள் போய்விட்டது. பிறகு பழைய விளக்கு ஒன்றின் பித்தளையில் செய்தான். காந்தம் அதைச் சட்டை செய்யவில்லை, பாட்டும் குறையவில்லை. அதை அடித்தகட்டோடு பற்றவைக்கத்தான் ராமுத்தாயைக் கூப்பிட்டார்கள். சூடு மிஞ்சினால் உள்ளே இருக்கிற கம்பி கருகிவிடும்.

"பத்தவச்சுத் தாரேன் தொரை. பாட்டு நல்லா வந்துச்சுன்னா எம் புருசன் மலையிலயே இருக்கணும்," என்றாள்.

கிளார்க் ஏசுரத்தினத்துக்கு வியர்த்துவிட்டது. துரை சிரித்துக்கொண்டே சரி என்றார்.

ஈயத்தகட்டுக்கு மெழுகுவத்தியைத் தேய்த்தால் போதும், ஈயப் பற்று ஓடும். பித்தளையில் ஓடவில்லை, உருண்டு உருண்டு கீழே விழுந்தது. துரை வாசலில் நின்று காலை மாற்றி மாற்றி வைத்தார். மொக்கையன் தன் திராவகச் சீசாவை நீட்டினான்.

"ஒரு சொட்டு வையி தாயி. ஒண்ணும் ஆகாது."

வைத்தாள். ஈயம் ஓடிப் பிடித்தது. கிட்டார் இரைச்சல் இல்லாமல் பாடியது. திங்கட்கிழமை காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு நல்லதம்பியும் வரலாம் என்றார் துரை. கங்காணியைத் தவிர லயமே சந்தோஷப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை ராமுத்தாய் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். திராவகம் தொட்டுச் சோதித்துப் பார்த்த பித்தளைத் துண்டு அதில் இருந்தது. பச்சைப் பசேலென்று களிம்பேறிக் கிடந்தது. வெளியே பட்டதென்றால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மூடிக்குள் போன சொட்டை யார் துடைப்பது?

"உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்கு," என்றாள் புருஷனிடம்.

"எவனுக்குத் தெரியப்போகுது? பேசாம இரு புள்ள. நுணலும் தன் வாயாலதான் கெடும்."

"பெரிய தொரைமாரு முன்னால ஊமையாப் போச்சுன்னா? சீசா குடுத்த மொக்கையண்ணனையும் சேத்துல்ல இறக்குவாக. நான் அப்ப எட்டாம் மாசத்துல நிப்பேன்."

இருவரும் அன்று கஞ்சி குடிக்கவில்லை.

திங்கட்கிழமை பெரட்டுக் களத்தில் பனி கொட்டியது. ஏசுரத்தினம் பேர் கூப்பிடத் தொடங்கும் முன்பே ராமுத்தாய் வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"தொரை, நான் செஞ்சது தப்பு. திராவகம் உள்ள போயிருச்சு. தொறந்து கழுவலேன்னா கம்பி அத்துப்போகும்."

"கழுவினா பிழைக்குமா?"

"சொல்ல முடியாது தொரை."

துரையின் முகம் சிவந்தது. கிட்டார் கெட்டதைவிட, அத்தனை பேர் முன்னால் அதைக் கேட்க நேர்ந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். வாட்சர் சுடலையைக் கூப்பிட்டார். நல்லதம்பியை அப்போதே மலைப்பாதையில் கொண்டுபோய் விடச் சொன்னார். ராமுத்தாயை பாக்டரிக்குப் போகச் சொன்னார். புருஷன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு பனிக்குள் மறைவதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சூட்டுக்கோலால் பற்றை இளக்கி மூடியை எடுத்தாள். ஒரு மூலையில் பச்சை தொடங்கியிருந்தது, கம்பி இன்னும் அறவில்லை. கோழி இறகை ஸ்பிரிட்டில் தோய்த்துத் தடவித் தடவி எடுத்தாள். அடுப்புச் சூட்டில் காட்டி உலர்த்தி, மேலே மெழுகு சொட்டினாள். மூடியின் விளிம்பில் மட்டும் தனியாகத் திராவகம் போட்டு ஈயம் ஏற்றி, நன்றாகக் கழுவித் துடைத்தாள். இனி மெழுகு தேய்த்தே பற்றவைத்துவிடலாம். முதலிலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும், அவசரம் கெடுத்துவிட்டது. துரை மூடாமலே மீட்டிப் பார்த்தார். இரைச்சலோடு பாட்டு வந்தது. உயிர் இருந்தது.

"மூடு," என்றார்.

ராமுத்தாய் சூட்டுக்கோலை அடுப்போரம் வைத்தாள்.

"எம் புருசன் வரட்டும் தொரை."

துரை மொக்கையனைப் பார்த்தார். "நீ பத்தவை."

மொக்கையன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "நான் சம்மட்டி பிடிக்கிறவன் தொரை. எங் கை பட்டா வெந்துபோகும்."

"நீயும் இறங்கணும், தெரியுமா?" என்றார் துரை ராமுத்தாயிடம்.

"இறங்குறேன் தொரை. வயித்தோட இறங்குறேன். நீங்க அந்த எரைச்சலோட வாசிங்க. பாட்டு வந்தா இருக்கலாம்னு சொன்னீக. வந்துச்சு. கெட்டதைச் சொன்னதும் நாந்தான், எடுத்ததும் நாந்தான்."

துரை திறந்து கிடந்த கிட்டாரைப் பார்த்தார். பிறகு ஏசுரத்தினத்திடம், எஸ்டேட் தபால்காரனை மலைப்பாதைக்கு ஓடி நல்லதம்பியைக் கூட்டிவரச் சொன்னார்.

காத்திருந்தார்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவளே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். கால் வீங்கியிருந்தது. சூட்டுக்கோல் ஆறியது. மொக்கையன் கரி போட்டு ஊதினான். மறுபடி ஆறியது. மறுபடி ஊதினான். ஓடினவன் பிடித்திருப்பானா, நல்லதம்பி ரோஷக்காரன், கூப்பிட்டால் திரும்புவானா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். மத்தியானச் சங்கு ஊதியும் ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. துரையும் போகவில்லை.

கடைசியில் வாசலில் நல்லதம்பி வந்து நின்றான். தலையில் மூட்டை, உடம்பெல்லாம் ஈரம்.

"பேரைக் கூப்பிடு," என்றார் துரை.

"நல்லதம்பி," என்றார் ஏசுரத்தினம்.

அவன் துரையைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தான். "இருக்கேன் சாமி."

ராமுத்தாய் அப்போதுதான் அழுதாள். உருகின ஈயத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் தெறிக்கும். அதனால் முந்தானையால் கண்ணை நன்றாகத் துடைத்துக்கொண்டு, மூடியை எடுத்து வைத்து, சூட்டுக்கோலைக் கையில் எடுத்தாள்.