ஓதின தண்ணீரும் ஆறு மாத வாரண்டியும்

கல்முனையில் எஞ்சின் விற்கும் அந்த ஹாஜியாரை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நடுநிலையாக எழுதப்போவதாக யாரும் ஏமாற வேண்டாம். பெருநாள் தொழுகை முடிந்து ஊரே கைகொடுத்து முஸாபஹா செய்துகொள்ளும்போதும் அவர் நிற்கிற பக்கம் நான் போவதில்லை.

எங்கள் வேன் பழையது. அதன் எஞ்சின் ஒரு நாள் அடியோடு கைவிட்டது. எனக்கென்று வாங்கிய வேனாக இருந்தால் அப்போதே விற்றுத் தொலைத்திருப்பேன். அது என் மூத்த சகோதரி, ராத்தாவுக்காக ஓடுகிற வேன். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. இரத்தம் சுத்திகரிக்க சாய்ந்தமருதிலிருந்து மட்டக்களப்புக்கு வாரத்தில் மூன்று தடவை போய்வர வேண்டும். திரும்பி வரும்போது உட்காரவும் தெம்பு இருக்காது. பின் சீட்டில் படுத்துக்கொண்டுதான் வருவார். பஸ்ஸில் யார் அவருக்குப் படுக்க இடம் கொடுப்பார்கள்?

ஆகவே, ஜப்பானில் கழற்றிய எஞ்சின்களை இறக்கி விற்கும் ஹாஜியாரிடம் போனேன். ஆறு மாத வாரண்டி என்றார். ஒரே நிபந்தனை, ரேடியேட்டரில் கூலன்ட் மட்டும்தான் இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றினால் வாரண்டி கிடையாது. கடற்கரை ஊர்த் தண்ணீர் இரும்பை என்ன பாடு படுத்தும் என்று எங்களுக்குத் தெரியும். நானும் தலையாட்டினேன்.

எஞ்சின் பூட்டி முடித்த அன்று ராத்தாவும் வேனுக்குள் இருந்தார். ஹாஜியாருடைய கடையில் ஒரு வழக்கம் உண்டு. எஞ்சின் மாற்றிய வண்டிக்கு முதல் தண்ணீரை அவர் கையாலேயே ஊற்றுவார். அது குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதி ஊதிய தண்ணீர். போத்தல் போத்தலாக அலுமாரியில் இருக்கும். கடைக்கு வந்தவர்கள் சுற்றி நிற்க, பிஸ்மி சொல்லி ஒரு போத்தலை அப்படியே ரேடியேட்டருக்குள் கவிழ்த்தார். மிச்சத்தை அவருடைய ஆள் கடைக் குழாயில் பிடித்து நிரப்பினான். கூலன்ட் எங்கே என்று கேட்டேன். முதல் சர்வீஸில் தாங்களே மாற்றித் தருவதாகவும் இப்போது பரக்கத்துதான் முக்கியம் என்றும் சொன்னார். பிறகு ராத்தாவின் கையிலும் ஒரு போத்தலைக் கொடுத்தார். ராத்தாவின் முகம் மலர்ந்துவிட்டது.

ராத்தா நினைத்தபோது தண்ணீர் குடிக்க முடியாது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து வைத்திருக்கிறார். வெயில் காலத்தில் அவர் உதட்டை நனைத்துக்கொண்டு பொறுத்திருப்பார். அந்த அளவுக்குள் ஒரு மிடறை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதிலாக ஹாஜியாருடைய தண்ணீரில் ஒரு மிடறு குடித்து வந்தார்.

முதல் சர்வீஸுக்கு நாள் வருவதற்கு முன்னமே, மட்டக்களப்பிலிருந்து திரும்பும் வழியில், களுவாஞ்சிக்குடி தாண்டி எஞ்சின் கொதித்து நின்றது. நடு மத்தியானம். பின் சீட்டில் ராத்தா. மூடியிலிருந்து ஆவி சீறிக்கொண்டிருந்தது. ஓர் ஓட்டோவை மறித்து, அவரை என் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு வந்தேன். ஒவ்வொரு குழிக்கும் அவர் முனகியது இன்னும் என் காதில் கிடக்கிறது.

வேனைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் ஹாஜியாருடைய கடையில் விட்டேன். அவர் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தார். கூலன்ட் இல்லை, தண்ணீர்தான் இருக்கிறது, ஆகவே வாரண்டி செல்லாது என்றார். கொஞ்சமும் கூசவில்லை. ஊற்றியது நீங்கள்தானே என்று கேட்டேன். அவர் குரலை உயர்த்தினார், எனக்காக அல்ல, கடையில் நின்றவர்களுக்காக.

"அப்ப, ஓதின தண்ணியாலதான் எஞ்சின் பழுதாகினது எண்டு சொல்றீங்களா தம்பி?"

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஓம் என்றால் நான் ஓதலை இழிவுபடுத்தியவன். இல்லை என்றால் வாரண்டி போயிற்று. வெளியே வந்தேன். அவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை அல்லாஹ் அவருக்கு ஏன் கொடுத்தான் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

ராத்தா ஓட்டோவில் போய்வரத் தொடங்கினார். அவரை ஆஸ்பத்திரியில் விட வேண்டியில்லாத நாட்களில் நான் ஹாஜியாருடைய கடை வாசலில் போய் உட்கார்ந்தேன். சண்டை பிடிக்கவில்லை, சும்மா உட்கார்ந்தேன். அவர் தேத்தண்ணீர் கொடுத்தனுப்பினார். தொடவில்லை.

ஒரு நாள் அக்கரைப்பற்றிலிருந்து வந்த ஒருவருடைய பிக்கப்புக்கு எஞ்சின் ஏற்றி முடித்தார்கள். ஆட்கள் சுற்றி நின்றார்கள். ஹாஜியார் போத்தலைத் திறந்தார். நான் எழுந்துபோய் அந்த வண்டிக்காரரை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நானா, ஊத்த முன்னம் ஹாஜியாரிட்ட ஒண்டு கேளுங்க. இந்தத் தண்ணிய ஊத்தினா வாரண்டி இரிக்கா, இல்லையா?"

வண்டிக்காரர் விவசாயி, விதைநெல் வாங்கும்போதே பத்துக் கேள்வி கேட்கிற இனம். உடனே கேட்டார். ஹாஜியாருடைய கை அந்தரத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். இல்லை என்றால் ஏன் ஊற்றுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி வரும் என்பது அவருக்கும் தெரியும்.

"இரிக்கு," என்றார்.

"அப்ப எனக்கும் இரிக்கு," என்றேன்.

வேறு எஞ்சின் பூட்டித் தந்தார்கள். அன்றைக்கு ஹாஜியார் கடைக்கு உள்ளேயே இருந்துவிட்டார். அவருடைய ஆள் பேசாமல் பச்சைக் கூலன்ட்டை ஊற்றினான்.

இவற்றில் எதையும் நான் ராத்தாவிடம் சொல்லவில்லை. வேன் திருத்தக் கொடுத்திருக்கிறது என்று மட்டும்தான் அவருக்குத் தெரியும். புது எஞ்சினோடு முதல் தடவை மட்டக்களப்புக்குப் போய்த் திரும்பும்போது, பின் சீட்டில் படுத்திருந்தவர் பையிலிருந்து அந்தப் போத்தலை எடுத்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு மிடறு குடித்து மூடினார்.

"அந்த ஹாஜியாருக்கு அல்லாஹ் நீண்ட ஆயுளைக் குடுக்கட்டும். நல்ல மனிசன். ஆமீன் சொல்லு தம்பி."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ராத்தா இன்னொரு தடவையும் சொன்னார். நான் சொல்லவில்லை.